அலைன்மென்டுக்குப் பின் ஸ்டீயரிங் கோணல்

காரின் சக்கர அலைன்மென்ட் முடிந்த பிறகும், நேரான சாலையில் நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் வீல் வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ந்தே நிற்பதை ஸ்டீயரிங் கோணல் என்பர். திசைமாற்றி, சுக்கான் என்று நூல்களில் வழங்கும் இக்கருவியை இக்கட்டுரை பணிமனை வழக்கப்படி ஸ்டீயரிங் என்றே குறிக்கிறது.

இக்குறையைச் சரிசெய்யும் முறையான வழி, முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரண்டு டை ராட்களையும் ஒரே அளவில், ஒன்றை நீட்டியும் மற்றொன்றைக் குறுக்கியும் அமைப்பதாகும். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டுவது, ஒரு பக்க டை ராடை மட்டும் திருகுவது ஆகிய குறுக்கு வழிகளாலும் வளையம் நேராகிவிடும். ஆனால் அந்த நேர் கண்ணுக்கு மட்டுமே. அதன் விலையை டயரும், சில வேளைகளில் பாதுகாப்புக் கருவிகளும் கொடுக்க நேரிடும்.

வல்லம் வடகால் வட்டாரத்தில்

வல்லம் வடகால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஊர். இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2017இல் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்துள்ள ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டைம்லர் ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 முதல் கார் தயாரித்து வருகிறது. டயர் ஆலைகளும் உதிரிப்பாக ஆலைகளும் இவற்றைச் சூழ்ந்துள்ளன. வாகனங்களைச் சோதிக்கும் ஓடுதளங்கள் கொண்ட ஆய்வு மையமும் ஒரகடத்தில் இருக்கிறது.

கார் ஆலைகளில் உற்பத்தி வரிசையின் இறுதிப் பகுதியில் அலைன்மென்ட் நிலையம் ஒன்று இருக்கும். அங்கே முதலில் ஸ்டீயரிங் வீல் மட்டமாக இருக்கிறதா என்று அதற்குரிய கருவியால் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே காரின் அடியில் இரண்டு டை ராட்களும் சரிசெய்யப்படும். புதுக் காரின் ஸ்டீயரிங் நேராக நிற்பதற்கு இந்த வரிசைமுறையே காரணம். பிற்காலத்தில் டயர் கடையில் செய்யும் அலைன்மென்டும் அதே வேலைதான். அவசரத்தில் அந்த முதல் படி விடுபட்டாலோ, ஒழுங்காகச் செய்யப்படாவிட்டாலோ கோணல் தோன்றுகிறது.

தொழிற்பேட்டைச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் பேருந்துகளும் ஓயாமல் ஓடுகின்றன. அவற்றுக்கு ஒதுங்கும் கார்கள் சாலையோரப் பள்ளத்தில் இறங்குவதும், நடுத்திட்டின் விளிம்பில் உரசுவதும், வேகத்தடையில் வேகமாக ஏறுவதும் உண்டு. இத்தகைய இடிகள் அலைன்மென்டை மாற்றக்கூடியவை. எனவே இப்பகுதியில் கார் வைத்திருப்பவர்களுக்கும், தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனப் பிரிவு படிக்கும் மாணவர்களுக்கும் இச்செய்தி நேரடியாகப் பயன்படும்.

ஸ்டீயரிங்கும் முன்சக்கரங்களும் இணைந்துள்ள முறை

பெரும்பாலான கார்களில் ரேக் அண்ட் பினியன் என்னும் அமைப்பு உள்ளது. ஸ்டீயரிங் தண்டின் நுனியில் சிறு பற்சக்கரம் இருக்கும், அது பினியன். அது பல்வெட்டிய நீண்ட கம்பி ஒன்றை இடம் வலமாக நகர்த்தும்; அது ரேக். ரேக்கின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு டை ராட் புறப்பட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தின் கையோடு சேர்கிறது. டை ராடில் மரை வெட்டப்பட்டிருப்பதால் அதைத் திருகி நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அமைத்த நீளம் மாறாதபடி லாக் நட் இறுக்கிப் பிடிக்கிறது.

இரு முன்சக்கரங்களும் தனித்தனி அச்சில் திரும்பும் இந்த ஏற்பாடு குதிரை வண்டிக் காலத்தது. ஜெர்மனியின் லாங்கன்ஸ்பெர்கர் 1817இல் இதை வடிவமைத்தார். 1818இல் இங்கிலாந்தில் ருடால்ஃப் ஆக்கர்மன் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் இது ஆக்கர்மன் அமைப்பு என்றே பெயர் பெற்றது.

மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் காரின் நீளவாட்டத்திலிருந்து எவ்வளவு திரும்பியுள்ளது என்பதே டோ எனப்படும் அளவு. இரு சக்கரங்களின் முன்பக்கங்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். அறிக்கைத் தாளில் டோ-இன் பொதுவாகக் கூட்டல் குறியோடும், டோ-அவுட் கழித்தல் குறியோடும் அச்சாகும். இடச்சக்கர டோவையும் வலச்சக்கர டோவையும் கூட்டினால் வருவது மொத்த டோ.

மொத்த டோ டயர் தேய்மானத்தைத் தீர்மானிக்கிறது. இரு சக்கரங்களின் டோவுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஸ்டீயரிங் நிற்கும் நிலையைத் தீர்மானிக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

மொத்தம் சரியாக இருந்தும் கோணல் ஏன்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அறிக்கையில் டிகிரி என வருவதைப் பாகை என்கிறோம்.

ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து அளந்தபோது இடச்சக்கர டோ +0.60 பாகை, வலச்சக்கர டோ −0.40 பாகை என்று கொள்வோம். மொத்த டோ +0.20 பாகை. அந்தக் காருக்கு நிறுவனம் சொல்லும் அளவும் இதுவே என்றால், மொத்தத்தில் குறையில்லை.

ஆனால் இடச்சக்கரம் டோ-இன் என்றால் அது வலப்பக்கம் பார்க்கிறது. வலச்சக்கரம் டோ-அவுட் என்றால் அதுவும் வலப்பக்கமே பார்க்கிறது. ஸ்டீயரிங்கை நடுவில் பிடித்தால் கார் வலப்பக்கம் போகும். நேராகப் போக ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் சற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு?

இரு சக்கர டோவின் வேறுபாடு: 0.60 − (−0.40) = 1.00 பாகை. அதில் பாதி 0.50 பாகை. ஸ்டீயரிங் வீல் 16 பாகை திரும்பினால் சக்கரம் 1 பாகை திரும்பும் காராக இருந்தால், 0.50 × 16 = 8 பாகை. அதாவது ஸ்டீயரிங் இடப்பக்கம் 8 பாகை சாய்ந்து நிற்கும். கடிகார முகப்பில் ஒரு நிமிடக் கோடு 6 பாகை என்பதை நினைத்தால் இச்சாய்வின் அளவு விளங்கும். சக்கரத்தில் அரைப் பாகைப் பிசகு, கையில் பதினாறு மடங்காகத் தெரிகிறது. எனவே ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் தாங்கு கருவி சற்றே நழுவினாலும் கோணல் வந்துவிடும்.

திருத்தும் முறை

இந்தக் காரில் இடச்சக்கர டோவை 0.50 பாகை குறைத்து, வலச்சக்கர டோவை 0.50 பாகை கூட்ட வேண்டும். விடை: இடம் +0.10, வலம் +0.10. மொத்த டோ அதே +0.20. ஸ்டீயரிங் நடுவுக்கு வந்துவிடும்.

எந்த டை ராடை நீட்டுவது, எதைக் குறுக்குவது என்பது, டை ராட் முன்சக்கர மையத்துக்குப் பின்புறம் உள்ளதா முன்புறம் உள்ளதா என்பதைப் பொறுத்தது. முன்சக்கர இயக்கம் கொண்ட பல கார்களில் அது பின்புறம் இருக்கும். அத்தகைய கார்களுக்கு:

– ஸ்டீயரிங் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இட டை ராடைக் குறுக்கி, வல டை ராடை அதே அளவு நீட்ட வேண்டும்.
– ஸ்டீயரிங் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் இட டை ராடை நீட்டி, வல டை ராடை அதே அளவு குறுக்க வேண்டும்.

டை ராட் முன்புறம் உள்ள கார்களுக்கு இதை அப்படியே தலைகீழாகக் கொள்ள வேண்டும். இட, வலம் என்பன ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்க்கும் நிலையில் கூறப்பட்டவை.

எத்தனை சுற்று என்பதையும் கணக்கிடலாம். சக்கரத்தின் திரும்பும் அச்சிலிருந்து டை ராட் சேரும் இடம் வரை 130 மி.மீ., மரையின் ஒரு சுற்று 1.5 மி.மீ. என்று கொண்டால், 0.50 பாகைக்கு வேண்டிய நகர்வு சுமார் 1.13 மி.மீ. அது முக்கால் சுற்று. உண்மையான வேலையில் இதை மனக்கணக்காக வைத்துக்கொண்டு, இயந்திரத் திரையைப் பார்த்தே நிறுத்துவர்.

பணிமனையில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி:

1. நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் சரிபார்த்தல். ஒரே அச்சில் வேறுபட்ட அளவு டயர்கள் இல்லை என்று உறுதி செய்தல். டிக்கியில் அதிகப் பாரம் இருந்தால் இறக்குதல்.
2. டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தல். ஆட்டம் உள்ள பாகத்தை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட் நிலைக்காது.
3. காரை இயந்திரத்தில் ஏற்றி, சஸ்பென்ஷனை அழுத்தி விட்டு, கார் இயல்பான உயரத்தில் அமரச் செய்தல்.
4. எஞ்சினை இயக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சிறிது அசைத்து நடுவுக்குக் கொண்டுவந்து, தாங்கு கருவியால் அசையாமல் நிறுத்துதல். பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் எஞ்சின் ஓடாத நிலையில் நடு சரியாக அமையாமல் போகலாம்.
5. பின்சக்கர அளவுகளை முதலில் பார்த்து, திருத்த வழியிருந்தால் அவற்றைத் திருத்திய பிறகே முன்சக்கரங்களுக்கு வருதல்.
6. லாக் நட்டைத் தளர்த்தி, ரேக் ரப்பர் உறையின் வெளிமுனைப் பிடிப்பையும் விடுவித்து, டை ராடைத் திருகுதல். உறையை விடுவிக்காவிட்டால் அது முறுக்கிக் கிழியும். பின் மண்ணும் நீரும் ரேக்கினுள் போகும்.
7. இரு பக்கமும் வேண்டிய டோ வந்ததும், நிறுவனம் குறித்துள்ள முறுக்கு விசையில் லாக் நட்டை இறுக்கி, ஸ்டீயரிங் நடுவில்தான் இருக்கிறதா என்று மீண்டும் பார்த்தல்.
8. காரின் உரிமையாளரையும் உடன் வைத்து ஓட்டிப் பார்த்தல்.

இரு டை ராட்களிலும் வெளியே தெரியும் மரையின் நீளத்தை ஒப்பிடுவதும் நல்லது. சிறு வேறுபாடு இயல்பு. ஒரு பக்கம் மிக நீளமாகவும் மறுபக்கம் மிகக் குறைவாகவும் தெரிந்தால், ரேக்கோ ஸ்டீயரிங் வீலோ முன்பே தவறாக மாட்டப்பட்டிருக்கலாம். ஏதேனும் ஒரு பாகம் வளைந்தும் இருக்கலாம். அப்போது திருகுவதை நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். மரை போதுமான அளவு பிடித்திராத டை ராட் ஆபத்தானது.

குறுக்கு வழிகளும் விளைவுகளும்

ஒரு பக்கம் மட்டும் திருகுதல்: மேற்கண்ட கணக்கில், வலச்சக்கரத்தைத் தொடாமல் இடச்சக்கரத்தை மட்டும் +0.60இலிருந்து −0.40க்குக் கொண்டு வந்தாலும் ஸ்டீயரிங் நேராகிவிடும். இரு சக்கரமும் −0.40 என்று சமமாக இருப்பதால் கோணல் இராது. ஆனால் மொத்த டோ +0.20இலிருந்து −0.80 ஆகிவிட்டது. 0.40 பாகை திரும்பிய டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 7 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது எனலாம். 10,000 கி.மீ. ஓடினால் அது 70 கி.மீ. இழுபட்டதற்குச் சமம். டோ-அவுட் மிகுந்த டயர் உள்விளிம்பில் தேயும். உள்விளிம்பு வெளியிலிருந்து எளிதில் தெரியாது. கம்பி வெளிப்படும் வரை உரிமையாளர் அறியாமலே ஓட்டுவதும் நடக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் அத்தகைய டயர் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்டீயரிங் வீலைக் கழற்றி மாட்டுதல்: ஸ்டீயரிங் தண்டின் நுனியில் பல்வரிசை இருக்கும். சுற்றிலும் 36 பற்கள் இருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டுவது 10 பாகை மாற்றம். 4 பாகைக் கோணலை இதனால் தீர்க்கவே முடியாது. பல கார்களில் ஒரே நிலையில் மட்டும் பொருந்தும்படி அடையாளப் பல்லும் வைத்திருப்பார்கள். அதையும் மீறி மாட்டினால் ரேக் நடுவில் இராது; ஒரு பக்கம் திரும்பும் அளவு கூடி மறுபக்கம் குறையும். இன்டிகேட்டர் தானாக அணையும் இடமும் பிசகும். ஸ்டீயரிங்கினுள் ஏர்பேக் இருப்பதால், முறை தெரியாமல் கழற்றுவோர்க்கே காயம் நேரலாம். ஏர்பேக்கிற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சுருள் நாடா அறுந்தால், விபத்தின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம்.

வீலைக் கழற்றி மாட்டுவது சரியான தீர்வாகும் நேரம் ஒன்று உண்டு. முந்தைய பழுதுபார்ப்பில் அதைத் தவறான பல்லில் மாட்டிவிட்டார்கள் என்று, ரேக்கின் நடுவைக் கண்டறிந்து உறுதி செய்த பிறகு அதைச் செய்யலாம். அதுவும் பேட்டரி இணைப்பை நீக்கி, அந்தக் காரின் பணிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

கோண உணரி

வழுக்குவதைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள கார்களில், ஓட்டுநர் எந்தப் பக்கம் திரும்ப நினைக்கிறார் என்பதைக் கணினிக்குச் சொல்லும் கோண உணரி ஸ்டீயரிங் அமைப்பில் இருக்கும். கார் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் 8 பாகை சாய்ந்திருந்தால், ஓட்டுநர் திரும்புகிறார் என்றே உணரி சொல்லும். எச்சரிக்கை விளக்கு எரிவதும், தேவையில்லாத நேரத்தில் பிரேக் தலையிடுவதும் இதன் விளைவாக இருக்கலாம். ஆகவே அலைன்மென்ட் முடிந்ததும், நிறுவனம் கூறும் கார்களில் ஸ்கேனர் கொண்டு உணரியின் பூச்சிய நிலையைப் பதிவு செய்ய வேண்டும். கோணலை அப்படியே விட்டுவிட்டு, உணரியில் மட்டும் பூச்சியத்தை மாற்றிப் பதிவு செய்வது திருத்தம் ஆகாது.

கோணல் வேறு, இழுவை வேறு

ஸ்டீயரிங் கோணலாக இருந்தும், பிடியைச் சற்றுத் தளர்த்தினால் கார் நேராகவே போனால், அது இதுவரை பார்த்த டோ சிக்கல். பிடியைத் தளர்த்தியதும் கார் ஒரு பக்கம் ஒதுங்கினால் அது இழுவை. இழுவைக்குக் காற்றழுத்த வேறுபாடு, டயரின் உட்கட்டமைப்புக் குறை, விடாமல் உரசும் பிரேக், கேம்பர் அல்லது காஸ்டர் கோண வேறுபாடு ஆகியவை காரணமாகலாம். முன் டயர்களை இடம் வலம் மாற்றி மாட்டியதும் இழுவையும் பக்கம் மாறினால், குற்றம் டயரில் உள்ளது. சுழல் திசை குறிக்கப்பட்ட டயர்களில் மட்டும் இச்சோதனை கூடாது.

சாலையின் சாய்வையும் மறக்கக் கூடாது. மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவாக அமைக்கப்படுகின்றன. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கார் இயல்பாகவே சற்று இடப்பக்கம் ஒதுங்கும். அதை ஈடுசெய்ய ஸ்டீயரிங் சிறிது வலப்பக்கம் நிற்கும். எனவே போக்குவரத்து இல்லாத, மட்டமான, நேரான சாலையில் சோதிக்க வேண்டும். ஸ்டீயரிங் வீலின் உச்சியிலும் அதன் பின்னுள்ள உறையிலும் ஒட்டுக் காகிதம் ஒட்டி, கார் நேராகப் போகும்போது உடன் இருப்பவர் இரண்டிலும் கோடிட்டால் கோணலின் அளவு கிடைக்கும்.

பின்சக்கரங்கள் ஒரு பக்கம் பார்த்தாலும் கோணல் வரும். பின் அச்சு வளைந்திருந்தால் கார் நண்டு போலச் சற்றுச் சாய்ந்தே ஓடும். அதற்கேற்ப முன்சக்கரங்களையும் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். முன்சக்கரங்களை மட்டும் அளக்கும் அலைன்மென்டில் இது அகப்படாது. நான்கு சக்கரங்களையும் அளக்க வேண்டும். பல சிறிய கார்களில் பின் அச்சு ஒரே உத்தரமாக இருப்பதால் அதில் டோ திருகும் வசதி இல்லை. அளவு எல்லை மீறியிருந்தால் வளைந்த பாகத்தை மாற்றுவதே வழி.

லாரிகளில்

ஒரகடத்தில் உருவாகும் லாரிகள் போன்ற, முன்புறம் ஒரே இரும்பு அச்சு கொண்ட கனரக வாகனங்களில் முறை வேறு. அங்கே இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே டை ராட் மொத்த டோவை நிர்ணயிக்கிறது. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்க் என்னும் தனிக் கம்பியின் நீளம் ஸ்டீயரிங் நடுவை நிர்ணயிக்கிறது. ஆகவே டோவைத் தொடாமலே ஸ்டீயரிங்கை நேராக்கலாம். கார்களில் இரண்டு வேலையையும் அதே இரு டை ராட்கள் செய்வதால்தான் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை

அலைன்மென்ட் செய்யக் கொடுப்பவர், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அளவுகளும் உள்ள அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் நான்கு செய்திகளைப் பார்த்தால் போதும்: இடச்சக்கர டோவும் வலச்சக்கர டோவும் ஏறத்தாழச் சமமா; மொத்த டோ நிறுவன எல்லைக்குள் உள்ளதா; பின்சக்கரங்கள் அளக்கப்பட்டுள்ளனவா; அளக்கும்போது ஸ்டீயரிங் தாங்கு கருவியால் நிறுத்தப்பட்டிருந்ததா. கடைசிச் செய்தி தாளில் இராது. அருகில் நின்று பார்க்க வேண்டும்.

அறிக்கை முழுதும் பச்சையாக இருந்தும் ஸ்டீயரிங் கோணலாக நின்றால், "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. மரையில் இறுக்கிய நீளம் ஓடுவதால் மாறாது. கோணலாக விடப்பட்ட கார் கோணலாகவே இருக்கும். காரை மீண்டும் இயந்திரத்தில் ஏற்றி, ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்தி, இரு டை ராட்களையும் சரிசெய்யச் சொல்ல வேண்டும். கோணல் நீங்கிய பின் எடுக்கும் அறிக்கையில் மொத்த டோ முன்பிருந்த சரியான அளவிலேயே இருந்தால், வேலை முறையாக முடிந்தது என்று கொள்ளலாம்.